மஞ்சள் கடுதாசிக்குப் பின் ஒரு வாடகை வீடு

மஞ்சள் கடுதாசி என்று ஊரில் சொல்வார்களே தவிர, என் கணவர் கோர்ட்டுக்குக் கொடுத்த திவால் மனு சாதாரண வெள்ளைத் தாளில்தான் இருந்தது. வக்கீல் குமாஸ்தா அதை டைப் அடித்துக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கியபோது நானும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். மஞ்சள் எங்கே என்று கண் தேடியது. முட்டாள்தனம்தான். அடுத்த வீட்டுக் கதையாகவே கேட்டு வந்த ஒன்று நம் வீட்டுக்குள் நுழையும்போது, கேள்விப்பட்ட நிறத்திலேயே வரும் என்று மனசு எதிர்பார்க்கிறது.

தூத்துக்குடியில் எழுபதுகளின் தொடக்கத்தில் கடன் தீர்க்க வழியில்லை என்று கோர்ட்டில் கை விரித்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. கொழும்புக்குத் தோணியில் வெங்காயமும் மிளகாய் வத்தலும் ஏற்றிப் பிழைத்த ஊர் இது. அக்கரையில் இருந்த அரசாங்கம் இனி எங்கள் மண்ணிலேயே விளைவித்துக்கொள்கிறோம் என்று கதவைச் சாத்தியது. இங்கே கிட்டங்கிகளில் வத்தல் மூட்டைகள் கூரைவரைக்கும் தேங்கின. என் கணவருடையது வத்தல் கமிஷன் கடை. வேம்பாருக்கு மேற்கே கரிசல் காட்டில் மிளகாய் போடுகிற சம்சாரிகள் மூட்டையை இவர் கிட்டங்கியில் இறக்கிவிட்டு, விற்றதும் காசு வாங்கிக்கொள்வோம் என்று நம்பிப் போவார்கள். இவர் கொழும்பு யாவாரிக்கு அனுப்புவார். அனுப்பிய சரக்குக்குப் பணம் வரவில்லை, அனுப்பாத சரக்கு நிறம் மாறிப் பூச்சி விழுந்தது. அவ்வளவுதான் கதை. எங்கள் வீட்டில் யாரும் குடித்ததும் இல்லை, சீட்டாடியதும் இல்லை. ஊர் அதைத் தேடித் தேடிப் பார்த்து ஏமாந்து போனது.

மனு கொடுப்பதற்கு முன் வக்கீல் இவரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். மனைவியின் நகை மனைவிக்குச் சொந்தம், சட்டம் அதைத் தொடாது, பேசாமல் மச்சினன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடும் என்றார். ஊர் உலகத்தில் புத்தியுள்ளவன் எப்படிக் கடுதாசி கொடுக்கிறான் என்பதற்கு இன்னும் சில வழிகளையும் சொன்னாராம். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படியில் என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏளா, மொத்த யாவாரி எப்படியும் பொழச்சுக்கிடுவான். பேங்குக்காரன் பொழச்சுக்கிடுவான். நம்மள நம்பி மூடைய எறக்கிட்டுப் போன சம்சாரி என்ன செய்வான்? ஒன் நகையத் தந்தேன்னா அவனுவளுக்காவது பைசல் பண்ணிருவேன்."

"தரலன்னா?"

"தரலன்னா கேக்க மாட்டேன். அது ஒங்க அப்பா ஒனக்குப் போட்டது."

இப்படிக் கேட்கிற மனுஷனிடம் எப்படி மாட்டேன் என்பது? அதட்டிக் கேட்டிருந்தால் உயிர் போனாலும் கொடுத்திருக்க மாட்டேன். எல்லாவற்றையும் கழற்றி முந்தானையில் முடிந்து அவர் முன்னால் வைத்தேன். தாலிச் சங்கிலியும் அதில் போயிற்று. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். சிரித்த முகத்தோடு கொடுத்தேன் என்று எழுதினால் பொய். பத்து நாள் அவருக்கு உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். அவரும் அதைத் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சம்சாரிகள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் மனு போயிற்று. கடையும் கிட்டங்கியும் வீடும் கோர்ட்டு ரிசீவர் கைக்குப் போயின. அந்தச் சமயத்தில் என் கணவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். கண்டவர்களிடம் எல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதைச் சொல்வார்: "நான் ஒரு குண்டுமணித் தங்கம்கூட ஒளிக்கல." அதைச் சொல்லும்போது மட்டும் முதுகு நிமிரும். அந்த நிமிர்வுக்காகத்தான் என் நகை போயிற்று என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டைக் கார்த்திகை முடிவதற்குள் ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மார்கழியில் எங்கள் பக்கத்தில் யாரும் பால் காய்ச்சிக் குடியேற மாட்டார்கள். தைவரைக்கும் ரிசீவர் காத்திருக்க மாட்டார். கார்த்திகைக்குள் ஒரு வாடகை வீடு கிடைக்காவிட்டால் நானும் மகளும் சாயர்புரத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போவது, இவர் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்திருந்த உப்பளக் கம்பெனி ஆபீசிலேயே படுத்துக்கொள்வது என்று பேச்சு அடிபட்டது. அண்ணி நல்லவள்தான். ஆனால் வந்தவள் எப்போது திரும்பிப் போவாள் என்று தெரியாத வீட்டில் எந்த அண்ணியும் எத்தனை நாள் நல்லவளாக இருக்க முடியும்? எனக்கு அவரை விட்டுப் போகவும் மனசில்லை. மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். நடுவில் பள்ளிக்கூடம் மாற்றினால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்பது எங்கள் சனத்தில் பார்த்துப் பார்த்துத் தெரிந்த விஷயம்.

எங்கள் பக்கத்தில் வீடு கேட்கும் முறை ஒன்று உண்டு. ஆம்பளை வாடகை பேசுவதற்கு முன்னால் பொம்பளை போய் வீட்டுக்கார அம்மாளைப் பார்க்க வேண்டும். அந்த அம்மாள் தலையசைத்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அவள் வருகிறவளின் முகத்தைப் பார்ப்பதில்லை. கழுத்தைப் பார்ப்பாள். அங்கே கிடப்பது என்ன, எத்தனை பவுன் தேறும் என்பதை வைத்து வாடகை ஒழுங்காக வருமா வராதா என்று கணக்குப் போட்டுவிடுவாள். எந்த ஜாமீன் கையெழுத்தையும்விட அவர்களுக்கு அதுதான் நம்பிக்கை.

ஊருக்குள்ளேயே மேலூர்ப் பகுதியில் ஒரு வீடு. வாசல் கதவில் பூட்டுத் தொங்குகிறது, ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு சாமானும் இல்லை. வீட்டுக்கார அம்மாள் என் மஞ்சள் கயிற்றை ஒரு தரம் பார்த்தாள். "வீடு ஒழியலையே" என்றாள். ஒழியாத வீட்டில் பல்லி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கீழூரில் ஒருத்தி வீட்டைச் சுற்றிக் காட்டி, நல்ல தண்ணிக் குழாய் எந்நேரம் வரும் என்பதுவரை சொல்லிவிட்டு, "எந்தக் கடை?" என்று கேட்டாள். சொன்னேன். "அடடே, ஹார்பர்ல ஒரு ஆபீசருக்கு வாக்குக் குடுத்துட்டாவளே, எனக்கு ஞாபகமே இல்ல பாரு" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். புதுத் துறைமுகம் வந்துகொண்டிருந்த நேரம். வெளியூர் எஞ்சினியர்களும் குமாஸ்தாக்களும் ஊரில் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு முதல் தேதி சர்க்கார் சம்பளம். மாட்டுத்தொழுவத்துக்கு வெள்ளையடித்துக்கூட வாடகைக்கு விட்டார்கள். இன்னொரு வீட்டில் பஜாரில் யாராவது ஒருவர் பொறுப்பேற்றுச் சொன்னால் தருகிறோம் என்றார்கள். என் கணவர் ஒரு காலத்தில் யார் யாருக்கெல்லாம் பொறுப்பேற்றாரோ அவர்களிடம் போனார். ஒருவர் சாப்பிடப் போயிருந்தார், ஒருவர் திருச்செந்தூருக்குப் போயிருந்தார். கடைப்பையன் அப்படிச் சொல்லும்போது உள்ளே கல்லாவுக்குப் பின்னால் திருச்செந்தூருக்குப் போனவரின் இருமல் கேட்டதாம்.

எனக்கு எதில் ஆத்திரம் என்றால், எங்களுக்கு முந்தின வருஷம் கடுதாசி கொடுத்த ஒரு ஜவுளிக்காரர் அதே ஊரில் மாடி வீட்டில் குடியிருந்தார். வீடு மாமனார் பேரில், புதுக் கடை மச்சினன் பேரில். அவர் மனைவி கல்யாண வீட்டுக்குக் கழுத்து வளைய வளையப் போட்டுக்கொண்டு வருவாள். முன் வரிசையில் உட்காரவைத்துச் சந்தனம் கொடுப்பார்கள். அவரிடம் ஏமாந்தவர்களே எழுந்து இடம் கொடுப்பார்கள். கெட்டிக்காரன் என்று பெயர். நாங்கள் ஏமாளிகள், அதனால் ஆபத்தானவர்கள்.

கார்த்திகையில் பாதி போயிற்று. என் தங்கையை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. அவள் ஒருநாள் வந்து நான் சுற்றிய சுற்றையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்தக் கழுத்தோட போனா ஒனக்குக் கோழிக்கூடுகூடத் தர மாட்டாவ. இந்தா, இதப் போடு."

சொல்லிக்கொண்டே தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி என் தலை வழியாகப் போட்டுவிட்டாள். கையில் இரண்டு ஜோடி வளையலையும் ஏற்றினாள்.

"வேண்டாம்ளா. ஒங்க அத்தான் பாத்தா கொன்னுருவாவ."

"அத்தான் உப்பளத்துலயில்லா இருக்காவ? வீட்டப் பாத்துட்டு வந்ததும் கழத்திக் குடுத்துரு. கல்யாண வீட்டுக்கு எரவல் வாங்கிப் போடாத பொம்பள இந்த ஊருல யாரு இருக்கா?"

அதுவும் உண்மைதான். எங்கள் சனத்தில் இரவல் நகை போடுவது வெட்கமில்லை. போடாமல் போவதுதான் வெட்கம். அவளையும் அழைத்துக்கொண்டு சிவந்தாகுளத்துப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். இரண்டு அறை, பின்னால் உப்புத்தண்ணிக் கிணறு, முன்னால் நல்ல தண்ணிக் குழாய். வீட்டுக்காரர் பலசரக்குக் கடை வைத்துப் பணம் சேர்த்து, கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, கட்டிப்போட்ட வீடுகளின் வாடகையில் இருந்தவர். அவர் மனைவி என்னை ஏற்கெனவே மார்க்கெட்டில் பார்த்திருக்கிறாள் என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அந்தப் பார்வை கழுத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "வெயில்ல நிக்கியே, உள்ள வாளா" என்றாள்.

உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். என் தங்கை மூடி மறைக்காமல் இன்னார் சம்சாரம் என்று சொன்னாள். "தெரியும், தெரியும்" என்றாள் அந்த அம்மாள். "அவிய வந்ததும் சொல்லுதேன்" என்றாள். இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன். தங்கை வீட்டுக்குப் போய்ச் சங்கிலியையும் வளையல்களையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, கயிற்றுக் கழுத்தோடு வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். கையில் சாவி.

"தம்பி, ஒங்க வீட்டுல வந்து பாத்துட்டுப் போனாவளாம். வீடு ஒங்களுக்குத்தான். நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சுங்க. அட்வான்ஸ் மெதுவாத் தாங்க, ஓடியா போயிருவிய?"

என் கணவர் எழுந்து நின்றார். "அண்ணாச்சி, பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது. நான் கடுதாசி குடுத்தவன். எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மாசச் சம்பளத்துலதான் வாடகை தரணும்."

"தெரியாமயா சாவிய எடுத்துக்கிட்டு வாரேன்? ஆனை படுத்தாலும் குதிரை மட்டம். எனக்கு மனுசாளத் தெரியும் தம்பி."

சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பார்வை என் கயிற்றில் பட்டு மீண்டது. சிரிப்பு இன்னும் கொஞ்சம் விரிந்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெளியே கயிறு, உள்ளே சங்கிலி. நகையை எங்கேயோ பத்திரப்படுத்திவிட்டுக் கடன்காரனுக்குக் கயிற்றைக் காட்டுகிற கெட்டிக்காரக் குடும்பம். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் பணம் எங்கே போகும்?

என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணாச்சி போன பிறகு சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. கடை போனபோதுகூட அவர் அழவில்லை.

"பாத்தியாளா? எல்லாரும் ஒண்ணுபோல இல்ல. நாணயம் தெரிஞ்ச மனுசன் ஊருல இன்னும் இருக்கான்."

நான் திரும்பி அடுப்பை ஊதினேன். இப்போது இதைப் படிக்கிறவர்கள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பார்கள். சொல்லட்டும். மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது கையில் சாவியோடு நின்றுபார்த்தவர்கள் வந்து எனக்குப் புத்தி சொல்லட்டும். கேட்டுக்கொள்கிறேன்.

பால் காய்ச்சினோம். குடியேறிய அடுத்த நாள் குழாயடியில் வீட்டுக்கார அம்மாள் என் கழுத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கயிறே போட்டுருக்கியா? நல்லது. வெளிய இதே கெடக்கட்டும். ஊருக் கண்ணு பொல்லாதது."

"பெரியம்மா, அன்னைக்குப் போட்டுருந்தது என் தங்கச்சி சங்கிலி."

"ஆமா, ஆமா. தங்கச்சிகிட்ட இருக்கதுதான் பத்திரம். நான் மூச்சு விட மாட்டேன்."

உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மை அவள் காதுக்குள் போவதற்குள் நகை இருக்கும் இடமாக மாறிவிட்டது. மூச்சு விட மாட்டேன் என்றவள் அந்த வாரத்துக்குள் தெரு முழுக்க விட்டுவிட்டாள். அதற்கப்புறம் கதை தானாக வளர்ந்தது. சங்கிலி காசுமாலையாயிற்று. சாயர்புரத்தில் அண்ணன் வீட்டு நெல்லுக் குதிருக்குள் வெள்ளிப் பாத்திரங்கள் கிடப்பதாக ஒருத்தி சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான் பயந்துகொண்டே இருந்தேன். கடன் கொடுத்தவர்கள் காதுக்குப் போனால் வந்து சட்டையைப் பிடிப்பார்கள், கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர் கேட்காமலே, "மொதல் தேதிக்குத் தாங்க அக்கா" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பஜாரில் இவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போனவர்கள் நின்று பேச ஆரம்பித்தார்கள். திருச்செந்தூருக்குப் போயிருந்தவர் திரும்பி வந்துவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் இவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் முன்னால் உட்காரவைத்தார்கள். சம்சாரிகளுக்குப் பைசல் செய்துவிட்டு வந்தபோது எவனும் ஒரு டீ வாங்கித் தரவில்லை. நகையை அமுக்கிவிட்டான் என்றதும் சந்தனக் கிண்ணம் தேடி வருகிறது. அன்றைக்கு அந்தப் பந்தலில் பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

அவரோ மலர்ந்துபோனார். "காலம் ஆச்சுன்னா கோவம் ஆறிரும்ளா. நாம யாரையும் ஏமாத்தலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு" என்றார். உப்பளத்திலிருந்து சைக்கிளில் வரும்போது விசில் அடித்துக்கொண்டு வருவார். அந்த விசில் சத்தம் தெருமுனையில் கேட்டாலே நான் கைவேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். என்றைக்காவது ஒருநாள் யாராவது ஒருவன் அவர் முகத்துக்கு நேரே சொல்லத்தான் போகிறான் என்று தெரியும். அது யார் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அண்ணாச்சியே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் உள் அறையில் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, ஒங்களாலதான் ஒரு காரியம் ஆகணும். கோயில்பட்டியில மருமவன் கடை ஆட்டம் காணுது. கடுதாசி குடுக்காமத் தீராது போலருக்கு. குடுத்தா ஒங்கள மாதிரி பக்குவமாக் குடுக்கணும். நீங்க எப்படிச் செஞ்சிய?"

"எப்படின்னா? வக்கீல் எழுதித் தந்தாரு, கையெழுத்துப் போட்டேன்."

"அதில்ல தம்பி. நகைய. மனுப் போடதுக்கு எத்தன நாளைக்கு முந்தி மாத்துனிய? யாரு பேருல வச்சிய? கொழுந்தியா வீட்டுலதான வச்சிருக்கிய? எம் பொண்டாட்டி கண்ணால பாத்துருக்கால்லா."

என் கணவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் கல்யாணப் பந்தல், பொட்டலம், பஜார் மரியாதை, சாவி எல்லாம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். திரும்ப அண்ணாச்சியைப் பார்த்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் முதுகு நிமிர்ந்தது.

"அண்ணாச்சி, நான் ஒரு குண்டுமணித் தங்கம்கூட ஒளிக்கல."

அண்ணாச்சி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "இது, இது! இதே மாதிரி கண்ணக் கொட்டாமச் சொல்லணும் எம் மருமவன். அவனுக்கு வாய் கொழறும்."

"நெசம் அண்ணாச்சி. நகை அம்புட்டையும் வித்துச் சம்சாரிகளுக்குக் குடுத்துட்டேன். அன்னைக்கு இவ போட்டுருந்தது எரவலாத்தான் இருக்கும். வேணும்னா கோயில்ல வந்து சத்தியம் பண்ணுதேன்."

சத்தியம் என்றதும் அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது. அவர் என் கணவரைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டி வைத்த பாய், கொடியில் தொங்கிய இரண்டு சேலை. வந்த நாளிலிருந்து அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த சாமான்கள்தான். இப்போதுதான் அவற்றைப் பார்த்தார்.

"அப்ப... நெசமாவே ஒண்ணும் இல்லையா?"

நான் ஆய்ந்த கீரையைச் சட்டியில் அள்ளிப் போட்டேன்.

"அப்படின்னா ஒரு விசயம் தம்பி. தப்பா நெனைக்கக் கூடாது. ஹார்பர் எஞ்சினியர் ஒருத்தர் வீடு வீடுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நான்தான் ஒங்களுக்காகச் சாக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

உள்ளே மகள் படிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அவள் கதவுக்குப் பின்னால் வந்து நிற்பது பாவாடை ஓரத்தைப் பார்த்ததில் தெரிந்தது. என் கணவர் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். மறுபடியும் வீடு வீடாகக் கேட்டு அலைவது, பூட்டுத் தொங்கும் வாசல்கள், சாயர்புரம் பஸ், எல்லாம் என் மனசில் அந்தக் கணத்தில் ஓடின. அவருக்கும் ஓடியிருக்கும். சீ, நீயும் உன் வீடும் என்று அவர் எழுந்துவிட்டால் பாத்திரத்தை நானே அள்ளிக் கட்டுவேன் என்றுதான் இருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தேன்.

அவர் சிரித்தார். நான் அதற்கு முன் அவர் முகத்தில் பார்த்திராத சிரிப்பு. முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"என்ன அண்ணாச்சி நீங்க? இதெல்லாம் வாசக்கதவத் தொறந்து போட்டுக்கிட்டுப் பேசுத விசயமா?"

அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. "அதானே! ஒரு நிமிசத்துல பதற வச்சிட்டியளே தம்பி!" என்று எழுந்து இவர் தோளைத் தட்டினார். மருமகனை ஒருநாள் அனுப்புகிறேன் என்றார். அனுப்புங்கள், பார்ப்போம் என்றார் இவர். பழச்சீப்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அண்ணாச்சி படியிறங்கிப் போனார். அந்த மருமகன் கடைசிவரை வரவில்லை. கடை எப்படியோ தேறிக்கொண்டது என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

என் கணவர் கதவைச் சாத்திவிட்டு வந்து அண்ணாச்சி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் மறுபடியும் படிக்கத் தொடங்கினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நெசத்தச் சொல்லிட்டு விட்டிருக்கலாம்லா? வேற வீடு பாத்திருப்பேன்."

"எங்கன பாப்ப?"

நான் பழச்சீப்பை எடுத்து மாடத்தில் வைத்தேன். அவரே கேட்டார்.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"சாவியக் கொண்டாந்து குடுத்த அன்னைக்கேவா?"

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு அந்த மனுசன் என்னைய நம்பித்தான் குடுக்காருன்னு நெனச்சேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.